சம்பந்தி வீட்டாருக்குப் பயற்று சாசேஜ்

மருமகளே,

சம்பந்தியாகப் போகிறவர்களை அழைத்துவர இப்போதே கிளம்புகிறேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

கறிக்குழல் மாதிரி இருந்த அந்த சாசேஜ் பொட்டலத்தைக் காட்டி, "மாமா, இது வெறும் பயறுதான், கறியே இல்ல" என்று நேற்று நீ சொன்னாய். அப்படியும் நான் கத்திவிட்டேன். கறியே தொடாத அவர்கள் இதைக் கறியென்று நினைத்து எழுந்துவிட்டால் நம் பெண்ணின் கல்யாணப் பேச்சு என்னாவது?

காலையில் ஒன்றை வறுத்துப் பார்த்தேன். கறிபோலத் தானே கொழுப்பு விடும் என்று எண்ணெய் ஊற்றவில்லை, அடிப்பிடித்துவிட்டது. சட்டியை ஊறவைத்திருக்கிறேன், வேறு எடுத்துக்கொள். கருகாத துண்டு காரம் சுள்ளென்று, நன்றாகவே இருந்தது. அதையே செய்.

பயறு மட்டும்தான் என்று போட்டிருக்கும் அந்தப் பொட்டல உறையை எறியாதே. பரிமாறும் முன் அவர்களிடம் காட்டிவிடு.

பி.கு.: அப்படியும் யாராவது முகம் சுளித்தால், மாமாதான் செய்யச் சொன்னார் என்று சொல். உன்னை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன்.