கழுவாத விதை

போன வாரம் பழைய விதைப் பையை உதறினேன். உள்ளங்கை முழுக்க இளஞ்சிவப்புத் தூள், மூக்கில் நெடி. பூஞ்சணம் வராமலிருக்கக் கடையிலேயே விதையில் பூசித் தரும் பாதரச மருந்து. அது பூஞ்சணத்தை மட்டுமா கொல்லும்?

ஆதம்பாக்கத்து வயலில், உரமே காணாத மூலையில் நெல் மட்டும் கரும்பச்சையாக நின்றதை நீதான் பார்த்தாய். அந்த வேரிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க எட்டு மாதம் நம் அடையாறு ஆய்வுக்கூடத்தில் தவம் கிடந்தாய். வயல்காரரிடம் நீ விளக்கியது காதிலேயே இருக்கிறது. "வேர் இதுக்குச் சோறு போடும். இது காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சு வேருக்குக் குடுக்கும். வேரும் கொத்துக் கொத்தா விடும்."

"இன்னா நைனா, யூரியா மூட்டைய வுட்டுட்டு, கண்ணுக்கே தெரியாத பூச்சிய நம்பச் சொல்றியா?"

"மூட்டையை நீங்க சுமக்கணும். இது தானே வளரும்."

சிரித்துவிட்டு இரண்டு பாத்தி கொடுத்தார். அதற்குள் உனக்குக் காமாலை. "விதையை நாலு தண்ணி கழுவிட்டு அப்புறம் பாக்டீரியாக் கரைசல்ல நனைடா" என்று மயிலாப்பூர் அறையில் படுத்தபடி சொன்னாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. புது விதையைக் கழுவுவானேன்? எனக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தூளைப் பார்த்தேன், யோசிக்கவில்லை. அதன் மேலேயே உன் கரைசலை ஊற்றினேன்.

இருபதாம் நாள் நாற்றைப் பிடுங்கினால் கரைசல் பட்ட பாத்தி, படாத பாத்தி இரண்டிலும் ஒரே சோனி வேர். அதற்குள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நேராக அங்கே வந்து, "வித்தியாசமே இல்லை" என்றேன். சுற்றி வளைக்கத் தெரியாத வாய்.

நீ ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்ப நான்தான் தப்பாப் பாத்திருக்கேன், மச்சி."

மூன்றாம் நாள் போய்விட்டாய்.

நீ தப்பாகப் பார்க்கவில்லை. உன் பாக்டீரியா வேரைத் தொடும் முன்பே நான் கொன்றுவிட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? நீ கேட்க வேண்டியதை ஊரே கேட்டு என்ன பயன்?

நீ வளர்த்த பாக்டீரியாவில் ஒரே ஒரு சோதனைக் குழாய் மிச்சமிருந்தது. காய்ந்து சுருங்கிய அதன் அடியைச் சுரண்டி, ஊட்டக் கூழ் நிரப்பிய புதுக் குழாய்களில் இட்டேன். உயிர் இருந்தால் மூன்று நாளில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய வெள்ளைத் திரை கட்ட வேண்டும். இது ஐந்தாம் நாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறேன். ஒரு குழாயில் ஏதோ புகைபோலத் தெரிகிறது. என் ஆசையாகவும் இருக்கலாம். அந்தத் திரையை முதலில் கண்டுபிடிக்கிறவன் எப்போதும் நீதானே. ஒரே ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போடா.