நாற்பது பேருக்கு மேல் இல்லை

05.02.1984

படகுச் சங்கத்தின் இயக்குநர் சபையில் என் முதல் கூட்டம். சபையில் ஒரு பெண்ணும் இருக்கட்டும் என்று தபால் கந்தோரில் வேலை பார்க்கும் என்னைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். வாய் திறக்கமாட்டேன் என்று நினைத்திருப்பார்கள், பாவங்கள்.

தீர்மானங்களைச் செயலாளர் மார்க்கண்டர் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார். தலைவர் அம்பலவாணர், "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்கிறார். யாரும் பதில் சொல்லுமுன் தேத்தண்ணி வந்துவிடுகிறது. தேத்தண்ணி வந்தால் கூட்டம் முடிந்ததாம். நானும் குடித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

17.06.1984

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குச் சங்கத்து மோட்டார்ப் படகில், அந்த லோஞ்சில், போய் வந்தேன். சோழகக் காற்றில் கடல் கொந்தளித்தது. நாற்பது பேர் போகிற லோஞ்சில் எண்பது பேருக்குக் குறையாது. நடுக்கடலில் கால் நனைந்தது — பலகை இடுக்கால் தண்ணீர். பக்கத்தில் ஒரு தாய் குழந்தையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

லோஞ்ச் ஓட்டுகிற எமிலியானுஸ், வாளியால் அள்ளி ஊற்றச் சொல்லிவிட்டு, "சபைதானே அக்கா ஏத்தச் சொன்னது," என்றார்.

சபை என்றால்? நானும்தானே.

24.06.1984

கூட்டம். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வருகிற சனம் முழுவதையும் ஏற்றுவது என்று தீர்மானம் தயாராக இருந்தது. "எனக்குச் சம்மதமில்லை," என்றேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

"இவ்வளவு காலமும் ஒண்டும் நடக்கேல்லையே, பிள்ளை," என்றார் தலைவர்.

"அப்ப சரி ஐயா. புதன்கிழமை சபை முழுக்க லோஞ்சிலை சனத்தோடை சனமா ஒருக்காப் போய் வருவம். வந்து கையெழுத்து வைக்கிறன்."

மறுக்க வெட்கம். எல்லாரும் ஓம் என்றார்கள்.

25.06.1984

சந்தையில் மார்க்கண்டரின் மனைவி பரிமளம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறா. போகட்டும்.

27.06.1984

மார்க்கண்டருக்கு வயிற்றோட்டமாம். மற்ற இருவருக்கும் எங்கேயோ செத்த வீடாம். தலைவர் மட்டும் குடையோடு வந்து ஏறினார். இறங்கும்போது வேட்டி கணுக்காலுக்கு மேல் நனைந்திருந்தது. என் தோளைப் பிடித்துத்தான் துறையில் கால் வைத்தார்.

"கடதாசியிலை கையெழுத்து வைக்கேக்கை இது தெரியேல்லை, பிள்ளை."

01.07.1984

தீர்மானம்: இடுக்குகளை அடைத்த பிறகே ஓட்டம். நாற்பது பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. முன்மொழிந்தது நான், வழிமொழிந்தது தலைவர். மார்க்கண்டர் முதல்முறையாகக் கூட்டத்தில் இருந்தே எழுதினார். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது.

12.07.1984

நயினாதீவில் தேர். அம்மாவின் நேர்த்திக்கடனுக்காக அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன். துறையில் தலைவரே ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நாப்பது முடிஞ்சுது, பிள்ளை. அடுத்ததிலை வாரும்."

"ஐயா, நான் சபையிலை—"

"அதாலைதான் சொல்லுறன்."

லோஞ்ச் போய்விட்டது. கோபம் கோபமாக வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தேர் இருப்பிடத்துக்கு வந்துவிட்டது.

கால் நனையவில்லை.