பட்டியலில் எழுதாத பேர்

மக்கா,

இன்று காலை உன் வீட்டுக்காரி மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். நீ செத்துப் பதினாறு கழிந்து உன் பெட்டியை ஒதுக்கும்போது கிடைத்ததாம், மடிப்பில் கிழிந்த ஒரு காகிதம். பாறசாலைப் பள்ளிக்கூட ஆபீசில் நாம் இருவரும் கிளார்க்காக இருந்தபோது, நீ விலகிய அன்று நான் எழுதிக் கொடுத்த சம்பளச் சான்று. "அண்ணே, இது உங்க எழுத்தாக்குமே? அந்த மாசம் எல்லாருக்கும் சம்பளம் கூட்டினாவன்னு கேள்வி. இவியளுக்கு மட்டும் ஏன் கூடல்ல?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. உன்மேல் எரிச்சல்தான் வந்தது.

எல்லை பிரித்த வருஷம் அது. தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று ஊர்வலம் ஊர்வலமாகப் போனவன் நீ. நம் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பள்ளியில் சேரப்போவதாக நீ ராஜினாமா கொடுத்தாய். நீ விலக இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது சம்பள உயர்வு வந்தது. "போறவனுக்கு எதுக்குடே கூட்டணும்?" என்றார் மானேஜர். நான் விட்டேனா? உன்னை நெய்யாற்றின்கரை வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனேன். கடைசி நாள்வரை வேலை செய்கிறவனுக்கு அதுவரை வருவதெல்லாம் உண்டு என்று அவர் எழுதியே கொடுத்தார். மானேஜர் முனகிக்கொண்டே, "செரி, பட்டியல்ல சேத்துக் கொண்டு வா" என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். நீ கையைப் பிடித்தாய்.

"என் பேரை விட்டிருலே. கூடுன சம்பளத்தையும் வாங்கிட்டுத் தமிழன் ஓடிட்டான்னு ஒருத்தன் சொல்லப்பிடாது."

"எலே, இங்க வாங்குற கடைசிச் சம்பளத்தை வச்சுதான் அங்க உனக்குச் சம்பளம் போடுவாவ. ஆயுசு முழுக்கக் குறையும்."

"குறையட்டும்."

குறைந்தது. உன் மூத்தவள் காலேஜில் இடம் கிடைத்தும் போகாமல் வீட்டில் இருந்தாள். இங்கே உன்னைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமே உன் நாற்காலியில் வேறொருவன். டீக்கடையில் உன் பேச்சே இல்லை. யார் வாய்க்குப் பயந்து அந்தக் காசை விட்டாய்?

பிறகு நான் தலைமைக் கிளார்க் ஆனேன். விலகிப்போகிறவர்கள் "வேண்டாம் சார்" என்றாலும் அவர்கள் பேரைத்தான் முதலில் எழுதுவேன். ஓய்வுபெறும்வரை ஒருத்தரையும் விட்டதில்லை.

இன்று திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் உன் வீட்டுக்காரி மறுபடியும் கேட்டாள். உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"நான்தான் எழுத மறந்துட்டேன்" என்றேன்.

அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலேயே பஸ் ஏறிப் போய்விட்டாள். போதுமாலே உனக்கு?