பெட்ஷீட்டின் மறுமுனை

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், ஒரு வாரமாக அதுவும் இல்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போய்வருகிறீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கதையைப் படமாக எடுத்திருக்கிறார்களே, அதை உன் அண்ணன் பெரியவன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். த்தூ. கால் மரத்துப்போனதால்தான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். உன் கதையை மருந்துக்கடைக்காரர் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார், ஒரு வரி மறக்கவில்லை. அதில் உன் அம்மா படுக்கையை நனைத்துவிட்டு அந்த ஈர பெட்ஷீட்டையே நாலாக மடித்து நல்ல துணிகளோடு பீரோவில் வைக்கிறாள், வீடு நாறுகிறது, நான் கத்துகிறேன், அத்தனையும் நிஜம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆயுசு முழுக்க மடித்த கை சும்மா இருக்குமா? படத்தில் அந்த அம்மா ஒரு தடவைகூட மூத்திரம் பெய்யவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து காகிதத்தில் பூ மடிக்கிறாள், தலையில் ஒரு முடி கலையவில்லை. எல்லாம் மறந்துபோகுமாம், பவுடர் போடுவது மட்டும் மறக்காதாம். எனக்குப் பதிலாக வந்தவன் இன்னும் மோசம், தாடியைத் தடவிக்கொண்டு பாட்டுப் பாடுகிறான், படம் முடிகிற வரைக்கும் ஒரு துணி அலசினானா என்று கேள்.

படத்தின் கடைசிதான் கொடுமையிலும் கொடுமை. போன தடவை நீ வந்தபோது நடந்ததை நடந்தபடியே எழுதியிருந்தாய். அம்மாவுக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை, சலவைக்கூடத்துக்குப் புதிதாக வந்த பெண் என்று நினைத்து, என்னடி மரம் மாதிரி நிக்கிற, அந்த முனையப் புடி என்று அதட்டினாள், ஒத்த ஆளா மடிச்சா தரையில இழுபடும் என்றாள், இரண்டு பேரும் சேர்ந்து மடித்தீர்கள். கதை அதோடு முடிந்தது. படத்தில் மகள் சின்ன வயது மஞ்சள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, நான் யாருன்னு தெரியுதாம்மா என்கிறாள், உடனே அந்த அம்மா செல்லப்பேர் சொல்லிக் கட்டிக்கொள்கிறாள், வயலினைப் போட்டு இழுக்கிறார்கள், தியேட்டரே மூக்கைச் சிந்துகிறது. கூட வந்த மருந்துக்கடைக்காரரும் அழுதார். இதை எழுத மாட்டேன் என்கிறார், எழுதுமய்யா என்று சொல்லியிருக்கிறேன். சால்வையில் தீருகிற வியாதிக்கு இவர் ஏன் மாத்திரை விற்கிறார், ஜவுளிக்கடை வைக்கலாமே.

அழுதவர்கள் அழட்டும். ஆனால் மறுநாளிலிருந்து பெரியவன் வேலைக்குப் போகுமுன் அம்மா எதிரில் நின்றுகொண்டு, நான் யாரு, சொல்லும்மா, நான் யாரு என்று பிடுங்குகிறான், பழைய போட்டோவை முகத்துக்கு நேரே நீட்டுகிறான். ஆஸ்பத்திரி வாசலில் சோதனை போடுகிற ஆள் என்று நினைத்து அவள், சார், நான் ஒண்ணும் எடுக்கல சார் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறாள். அன்றிலிருந்து காலடிச் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிகிறாள், தட்டை நீட்டினால் தள்ளிவிடுகிறாள். நான் அவனைப் பிடித்துத் திட்டியதற்கு என்ன சொன்னான் தெரியுமா, தங்கச்சியே வரப்போ போட்டுக்க அவளோட அந்தப் பழைய மஞ்சச் சால்வைய எடுத்து வைக்கச் சொல்லியிருக்காப்பா என்றான்.

படம் எடுத்தவன் எப்படியும் போகிறான், எழுதின நீயுமா? உன் பேரை அவள் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் என்கிற ஏக்கம் எனக்குத் தெரியாதா? என்னை அவள் வாட்ச்மேன் என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த வாட்ச்மேன் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள், இந்த வாரமும் அந்த இரண்டு வாயில்தான் ஓடுகிறது. சால்வையைத் தேடாதே, நேற்று தரை துடைக்க எடுத்துவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். கட்டாயம் வா. பெரியவனை நான் பார்த்துக்கொள்கிறேன். வந்ததும் அம்மா என்று ஓடாதே, நான் யார் என்று கேட்காதே. உலர்ந்த பெட்ஷீட் ஒன்றைக் கட்டிலில் போட்டு வைத்திருப்பேன், பக்கத்தில் போய் மரம் மாதிரி நில். அவளே அதட்டுவாள். முனையைப் பிடி.

இப்படிக்குக் கைநாட்டு வைப்பது,
உனக்கு அப்பா, அவளுக்கு வாட்ச்மேன்.