ரொட்டி ஆணியின் உயரம்

பிப்ரவரி 3
அத்தைக்கு வலது கை 1 மீட்டர் 12 வரை எட்டுகிறது. இடது கை 1.31. பனியில் வழுக்கி இரண்டு தோளும் உடைந்தபின் அவ்வளவுதான். சமையலறை அலமாரிகளோ என் உயரத்துக்கு, வரைந்தவன் நான். தச்சுப் பட்டறையில் அதுதானே என் வேலை.
ரஷ்யாவின் கசானிலிருந்து மச்சான் ஒடில் பேசினான். “மார்ச்ல வர்ற நவ்ரூஸ் பண்டிகைக்குள்ள அம்மா தானா சமைக்க முடியலன்னா நான் இங்க கூட்டிட்டு வந்துடுறேன். மஹ்லியோ அக்காவும் நம்மள விட்டுப் போயாச்சு, அந்த வீட்ல எதுக்கு?”
சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்கிறேன்.

பிப்ரவரி 5
“நான் போக மாட்டேன் மாப்ளே. உனக்கு முட்ட அவிக்கக்கூடத் தெரியாது.” சூப் சூடா இருக்கா என்றார். என் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிப்ரவரி 14
மேலடுக்கைக் கழற்றிவிட்டேன். அரிசி, சீரகம், எண்ணெய் எல்லாம் இழுப்பறைகளில். ரொட்டிக்கு முழங்கால் உயரத்தில் ஆழமான ஒன்று.
அத்தை பார்த்தார். “ரொட்டியக் காலடியிலயா வைப்பாங்க? உன் படிப்புல தீய வைக்க!”
பிறந்ததிலிருந்து தெரிந்ததுதானே, எப்படி மறந்தேன்? மஹ்லியோ பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பாள்.
என்ன எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 15
ரொட்டித் தட்டு இப்போது நெஞ்சு உயரத்தில். கீழே வெங்காயம்.

மார்ச் 2
எல்லாம் எட்டுகிறது. ஆனாலும் அத்தை ஸ்டூல்மேல் ஏறி நிற்கிறார், கையில் துணியோடு! “எறங்குங்க அத்தை!” என்று கத்திவிட்டேன்.
“தூசி படிஞ்சிருக்கு” என்றார்.
சுவரில் தொங்கும் அந்த ரொட்டியைத்தான் சொன்னார். நவம்பரில் தாஷ்கண்ட் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மஹ்லியோ ஒரு வாய் கடித்துவிட்டுப் போனது. திரும்பி வந்து மிச்சத்தைத் தின்பாள் என்று, ஊர் வழக்கப்படி, சுவரில் மாட்டினோம். ஆணி அடித்தவன் நான். 1 மீட்டர் 95.
எல்லாத்தையும் அளந்தேன்ல? இத மட்டும் ஏன்டா அளக்கல? கண்ணுல படலயா? பட்டுச்சு. தெனமும் பட்டுச்சு.

மார்ச் 3
புது ஆணி. 1.20.

மார்ச் 19
அத்தை புலாவ் செய்தார், ஒத்தையாக. ஒடில் வீடியோவில் நம்பவில்லை. “யாரும்மா சமைச்சது?”
“ம்ம், உன் பொண்டாட்டி வந்து சமைச்சா! நான்தான்டா.”
கேரட்டின் தடிமனைப் பார்த்தபின், அம்மா வெட்டியதுதான் என்று நம்பினான். “சரி, அங்கயே இரு” என்றான்.

மார்ச் 28
வேலை முடிந்து வந்தால் ஆணி காலி. அத்தை முற்றத்தில் உட்கார்ந்திருந்தார், மடியில் ரொட்டித் தூள், எதிரே குருவிகள்.
“ஒன்னக் கேக்காம எறக்கிட்டேன் மாப்ளே. கை எட்டுச்சு.”
பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்.

ஏப்ரல் 6, ரயிலில்
புகாராவில் ஒரு டீச்சருக்கு ஒரு கை விளங்காது. அவர் சமையலறையை அளக்கப் போகிறேன், நாலு நாள்.
வாசலில் அத்தை சூடான ரொட்டியை நீட்டினார். “கடி.”
கடித்தேன்.
“மிச்சத்த நீ வந்துதான் திங்கணும். காஞ்சு போனத மெல்ல எனக்குப் பல்லு கெடையாது.”
உள்ளே போய்த் தானே மாட்டினார்.
நாக்கு இன்னும் எரிகிறது.