பாவின் கடைசி முழம்

திருத்தணி
29-6-1981

அன்புள்ள காஞ்சனா,

அறை கிடைத்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் மலைப்படி. மொட்டைத் தலைகள் சந்தனத்தோடு இறங்குகின்றன. தினமும் உன் ஊருக்குப் பஸ். அம்மையார்குப்பத்தில் மதியம் இரண்டு முதல் நான்கு வரை வகுப்பு. பள்ளியை விட்ட பெண்கள் பதினோரு பேர், தறி வேலைக்கு நடுவே வருகிறார்கள். நீ கேட்டபடி உன் பெயரை யாரிடமும் சொல்லவில்லை.

உடல்நலப் பாடத்தையும் தொழில் பாடத்தையும் ஒன்றாக்கிவிட்டோம். மாதவிலக்குத் துணி. தறியில் மிஞ்சும் துண்டுகளை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மடித்துத் தைக்கிறோம். வளையல் கடை மணியம்மை விற்றுத் தருகிறாள். "வளையல் பொட்டலத்தோடவே சுத்திக் குடுத்துடறேன். ஆம்பிளைங்களுக்கு இன்னா தெரியப்போவுது?" என்கிறாள்.

விலை சொல்வது உன் சித்தப்பா மகள் கன்னியம்மாள். "ரொம்பக் கம்மியா வச்சா கந்தல்னு நினைப்பாங்க டீச்சர்." பதினேழு வயது. தையல் மெஷின் வாங்கிக் கடை போடுவாளாம். நேற்று வீட்டிலிருந்து மெத்தென்று ஒரு முழம் வெள்ளைத் துணி கொண்டுவந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு முருகனுக்குக் கொடுக்கும் வேட்டியை நெய்த பிறகு, தறியில் ஏற்றிய அதே பாவு நூலில் மிஞ்சியதாம். எடுக்கலாமா என்று கேட்டேன். "தீட்டுன்னு ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ எந்தத் துணியா இருந்தா இன்னா?"

சொன்ன பாடத்தை முழுதாக நம்பிய ஒரே மாணவி. பெருமையாக இருந்தது.

உன்
லோயிஸ்


சென்னை
8-7-1981

அன்புள்ள லோயிஸ்,

உன் கடிதத்தை ஆபீசில் மேஜைக்கு அடியில் வைத்துப் படித்துச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் காதல் கடிதமா என்றார். அதைவிட மோசம் என்றேன்.

மூன்று ஞாயிறாக வருகிறேன் என்று எழுதுகிறாய். வருவதில்லை. ஒவ்வொரு முறையும் மீன் வாங்கிவைத்து நாங்களே சாப்பிடுகிறோம்.

அந்த வெள்ளைத் துணி நன்றாகத்தான் இருக்கும். சித்தப்பா கை அப்படி. கன்னியம்மாளை நான் விட்டு வரும்போது பதின்மூன்று வயது. தைக்கட்டும்.

உன்
காஞ்சனா


திருத்தணி
5-8-1981

அன்புள்ள காஞ்சனா,

வகுப்பு இல்லை.

கன்னியம்மாளின் அண்ணிக்குப் போன வாரம் குழந்தை பிறந்தது. வேண்டுதல் பாவின் கடைசி முழத்தை எடுத்துவைத்து, பிள்ளை பிறந்ததும் மஞ்சளில் நனைத்து, முதலில் அதில்தான் போர்த்துவார்களாம். பெட்டியைத் திறந்தார்கள். இல்லை. கன்னியம்மாளே சொல்லிவிட்டாள், எதற்குத் தைத்தோம் என்பதையும்.

உன் சித்தப்பா வரதராஜன் வகுப்புக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டார்.

"நீங்க வேற சாமி கும்புடறவங்க. உங்களச் சொல்லிக் குத்தமில்லமா. எங்க பொண்ணுக்குத் தெரியாதா?"

"நைனா, துணிய நல்லாக் காச்சித்தான் தச்சேன். சுத்தமாத்தான் கீது."

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி மேஜைமேல் வைத்தார். அவ்வளவுதான். மறுநாள் பதினோரு பேரில் யாரும் வரவில்லை.

ஆவணியில் கன்னியம்மாளுக்குக் கல்யாணம். நகரியில் மாப்பிள்ளை, விசைத்தறி. சட்டத்தில் பதினெட்டு வேண்டும். ஜாதகத்தில் ஒரு வயது கூட்டி எழுதியாகிவிட்டது.

உன் வீடு அது. ஒரு தடவை வந்து பேசு. நான் பேசினால் அது கிறிஸ்தவச்சியின் பேச்சு.

லோயிஸ்


சென்னை
14-8-1981

லோயிஸ்,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

எனக்குத் தெரியும். அந்தத் துணி எதற்கென்று தெரியும். நானும் அப்படி ஒரு முழத்தில் கிடந்தவள்தான். உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே தெரியும். வேண்டாம் என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை.

பதிவுத் திருமணம் முடிந்து நான் அந்த வாசலில் நின்றபோது, சித்தப்பா இதே போல் சத்தம் போடாமல் கதவைச் சாத்தினார். அந்த வீட்டுக்கு ஏதாவது ஒன்று ஆகட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு ஆகும் என்று நினைத்தேன். அவளுக்கு ஆகும் என்று நினைக்கவில்லை.

என்னால் வர முடியாது. நான் வந்தால் கல்யாணத்தை இன்னும் சீக்கிரம் வைப்பார்கள்.

காஞ்சனா


திருத்தணி
10-9-1981

காஞ்சனா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக்கூடாது என்றிருந்தேன். வேறு ஆள் இல்லை.

நேற்று அவளை நகரிக்கு அழைத்துப் போனார்கள். பஸ் மாற இங்கே இறங்கினார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் என் பக்கம் வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு.

"டீச்சர், புள்ளைய ரெண்டு வருசம் தள்ளிப்போட மாத்திரை கீதுன்னீங்களே. அது வாங்கித் தருவீங்களா?"

மாமியார் நான்கடி தள்ளி நின்றாள். என் வாயில் வந்தது: "எழுதறேன்." எழுதினால் அந்த வீட்டில் யார் பிரிப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பஸ் வந்தது.

மாத்திரையை நர்ஸிடம் கேட்டு வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சாப்பிடும் முறை தனித்தாளில். என்னை வாசலில் நிற்கவிடமாட்டார்கள். நீ அக்கா. நகரியில் உன் கதையைக் கிளற மாட்டார்கள். போ.

லோயிஸ்


சென்னை
21-12-1981

லோயிஸ்,

மாத்திரையை மூன்று மாதம் பையிலேயே வைத்திருந்தேன். எத்தனை ஞாயிறு என்று கேட்காதே. நேற்றுதான் நகரிக்குப் போனேன்.

உட்காரச் சொன்னார்கள். காப்பி கொடுத்தார்கள். தறிச் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள். மாமியார் எங்கள் நடுவில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். "மெட்ராஸ்லர்ந்து இவ்ளோ தூரம் வந்துகீறியே, ரெண்டு நாள் தங்கிட்டுப் போயேன்மா." நல்ல மாதிரிதான். அதுதான் கஷ்டம்.

நான் கை கழுவ கன்னியம்மாள் தண்ணீர் ஊற்றினாள். அப்போது சொன்னாள்.

"மூணு மாசம் அக்கா."

நான் பையைத் திறக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. நகத்தை என்னிடம் காட்டினாள், வெள்ளையாக. நீ பார்க்கச் சொல்லிக்கொடுத்தாயாம்.

"ரத்தம் ஊறறதுக்கு டீச்சர் ஒரு மாத்திரை சொன்னாங்களே, அது எத்தனாவது மாசத்துலர்ந்து? ஒரு நாளைக்கு எத்தினி? கிளாஸ் நோட்ட நைனா அடுப்புல போட்டுட்டாரு."

எனக்குத் தெரியவில்லை, லோயிஸ். பி.ஏ. படித்திருக்கிறேன். உன் வகுப்பில் நான் உட்காரவில்லை.

"தெரியாதா? பரவால்லக்கா," என்றாள். சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காஞ்சனா