ஒரே வாயின் பற்கள்

7-11-1971
விடாத மழை. மேசையில் ஏழு பற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. எட்டாவது பாபநாசத்தில், அவர் சட்டைப் பையில்.

வாயால் சொல்லாத பேரை இங்கே எழுதலாம், யார் கேட்கப்போகிறார்கள்? துரைராசு. துரைராசு. எழுதினால் மட்டும் புருஷன் வந்துவிடப் போகிறாரா?

10-11-1971
பற்களைப் பற்றியாவது ஒழுங்காக எழுதிவைக்கிறேன். சேக் தாவூது பாயின் சுண்ணாம்புச் சூளைக்கு அரியலூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் கல் வரும். அதில் சிப்பியோ எலும்போ தென்பட்டால், நெருப்பில் போடுமுன் எனக்கென்று எடுத்துவைப்பார். கும்பகோணம் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான் ஒருத்திதான் அவருக்குப் பழக்கம்.

ஆடியில் ஒரே கல்லில் எட்டுப் பல். ஏழு பெரியவை: சதுரம், மேலே அம்மி கொத்தினாற்போல வரிவரியாக மேடு. ஒன்று மட்டும் பொடிசு. அங்கே கடல் கிடந்த காலத்துச் சுறா ஏதோ ஒன்று. எதுவென்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்காரர் பொடிசைப் பெரியதன்மேல் வைத்துப் பார்த்து, "அகிலா, ரெண்டும் ஒரே வாய்" என்றார்.

"கணக்கு வாத்தியாருக்கு மீன் பல்லு வேறயா?" என்று சிரித்தேன். பெரியது தின்ற குட்டி மீனுடைய பல் அது என்றேன்.

"அப்ப இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று பையில் போட்டுக்கொண்டார். அப்போதெல்லாம் இப்படித்தான் விளையாடிக்கொண்டிருந்தோம்.

15-11-1971
மாமனாரின் நிலத்தை என் அண்ணன் மருதையன் குத்தகைக்கு உழுகிறார். உழுகிறவர் பேரைப் பதியலாம் என்று சர்க்கார் சட்டம் போட்டதும் தாலுகா ஆபீசில் பதிந்துவிட்டார். மாமனாருக்கு அடங்காத கோபம். "சம்பந்தின்னு குடுத்தா சட்டம் பேசுறானா?"

போன மாதம் இவர் என்னிடம் வந்து, "உங்கண்ணன்கிட்ட சொல்லு, பேர எடுக்கட்டும்" என்றார்.

"உழுறவரு பேரு இருந்தா என்னங்க தப்பு?"

இதைத்தான் கேட்டேன். இன்று கேட்டாலும் இதைத்தான் கேட்பேன். அவர் மறுநாளே பெட்டியோடு அப்பா வீட்டுக்குப் போனார். வேலை பார்க்கிற பள்ளிக்கூடமும் பாபநாசத்திலேயே, சௌகரியந்தான்.

28-11-1971
பஸ் சத்தம் கேட்டால் வாசலைப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

9-12-1971
மதராசிலிருந்து புத்தகம் வந்தது. அதில் முழுத் தாடையின் படம்! கீழ்த்தாடையின் நடு வரிசையில்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பல். அதற்கு நேர் எதிரே, மேல்தாடையின் நடுவில், பொடிசு. டைக்கோடஸ் என்று பேர். சிப்பியை நொறுக்கித் தின்கிற சுறா. அது எங்கே குட்டி மீனைத் தின்றது!

ஒரே வாய். கணக்கு வாத்தியார் சொன்னதுதான்.

பொடிசிலும் அதே வரி இருக்கிறதா என்று பார்த்தால்தான் தீரும். பாபநாசம் சந்தைக்குச் சுண்ணாம்பு கொண்டுபோகும் பாயிடம் சொல்லி அனுப்பினேன். "அந்தச் சின்னப் பல்ல வாங்கிட்டு வந்துடுங்க பாய்."

"பல்லு மட்டுந்தானா டீச்சரம்மா?"

"பல்லு மட்டுந்தான்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

16-12-1971
பல் வந்துவிட்டது. காகிதப் பொட்டலத்தில்.

"என்ன சொன்னாங்க பாய்?"

"ஒண்ணும் சொல்லலம்மா. கேட்டதக் குடுத்துட்டாங்க."

லென்சில் பார்த்தேன். அதே வரிகள், ஓரத்தில் அதே மணல் போன்ற பொடி மேடுகள். டைக்கோடஸ்தான், சந்தேகமில்லை. துறைத் தலைவி கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். இனி எங்களுக்குள் கேட்டு வாங்க ஒன்றுமில்லையே! இந்த மனுசன் ஏன் இப்படி உடனே எடுத்துக் குடுத்துட்டாரு? நாளைக்குத் தர்றேன்னு இழுத்திருக்கக் கூடாதா? பல்லு யாருக்கு வேணும்!

2-1-1972
பொட்டலத்தைப் பாயிடமே திருப்பிக் கொடுத்தேன். "இத அவருகிட்டயே குடுத்துடுங்க. எனக்கு அவருதான் வேணும்னு சொல்லுங்க. அண்ணன் பேரு பதிவுல அப்படியேதான் இருக்கும், அதையும் சொல்லிடுங்க."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

8-1-1972
பதில் இல்லை. பற்களின் படம் வரைந்தேன், எட்டாவதின் இடத்தைக் காலியாக விட்டு.

13-1-1972
காலையில் அண்ணன் பொங்கல் சீர் கொண்டுவந்தார். வருஷா வருஷம் வருவதுதான்: கரும்பு, மஞ்சள்கொத்து, ஒரு மூட்டை அரிசி. அந்த நிலத்து அரிசி. புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று வாங்க வேண்டிய சீர். தனியாக எப்படி வாங்குவது என்று வாசலிலேயே தயங்கி நின்றேன்.

முனையில் பஸ் நின்ற சத்தம். நான் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்து ஏமாந்தது போதும் என்றிருந்தது.

"வாங்க மச்சான்" என்று அண்ணனுக்குப் பின்னாலிருந்து குரல்.

இவர் பெட்டியைக் கீழே வைத்தார். குனிந்து, அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். மாமனாருக்கு இன்னும் கோபம் ஆறவில்லையாம். பேரும் பதிவில் அப்படியேதான் இருக்கிறது.

சின்னப் பல்லைக் கொண்டுவர மறந்துவிட்டாராம். மூன்று முறை சொல்லிவிட்டார். நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.